ஸ்மார்ட் போர்ட் வரட்டும், திறப்பு யாருடைய கையில்?

எங்கட பெற்றார், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு பாடசாலைக்கு அள்ளித் தருகிற தம்பிமார் எல்லாருக்கும்தான் இது. கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கோ.

பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தரும் பேச்சு நடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். விலைப்பட்டியலோடு வந்த விற்பனைக்காரரிடம் நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "இந்தப் போர்டில் நாங்கள் செய்கிற பாடத்தைப் பிள்ளையின் போனில் திறக்கலாமா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கட மென்பொருள் போட்டால் திறக்கலாம் சேர். போனுக்கு இன்னும் வரல்ல."

இந்தப் பதிலை நாங்கள் முன்னமே ஒருமுறை கேட்டு ஏமாந்தவர்கள்.

புத்தளத்தில் இருபது வருசம் இருந்துவிட்டு மீள்குடியேறி வந்தபோது எங்கட பாடசாலையில் ஒரு சுவர்ப்படம்கூட மிஞ்சியிருக்கவில்லை. பிறகு பத்துக் கணினி வந்தது. 2013இல் அதோடு ஒரு பெட்டி இறுவட்டும் வந்தது. விஞ்ஞானம், புவியியல், ஆரம்பப் பிரிவுக்கு எழுத்துப் பயிற்சி. இதயத்தின் வால்வு திறந்து மூடும், சந்திரன் தேயும் வளரும், 'அ' எழுத்து தானாகச் சுழித்து எழுதும். உள்ளதைச் சொல்ல வேண்டும், பாடங்கள் அருமை. கரும்பலகையில் நாங்கள் வருசக்கணக்காக வரைந்து புரியவைக்க முடியாததைப் பிள்ளைகள் அரை நிமிசத்தில் பிடித்தார்கள்.

அவ்வளவும் ஃபிளாஷில் செய்தவை.

ஃபிளாஷ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1996இல் பிறந்து, மேக்ரோமீடியா என்ற கம்பனியிடம் வளர்ந்து, 2005இல் அடோபி கம்பனியிடம் போன சரக்கு. இணைய மேலோடிக்கு அதைத் தன்பாட்டில் ஓட்டத் தெரியாது. பிளக்இன் என்று ஒரு துண்டை மேலோடிக்குள் செருக வேண்டும். அந்தத் துண்டு இலவசம்தான். ஆனால் அதைத் திருத்துவதும், புதுப்பிப்பதும், நிறுத்துவதும் ஒரேயொரு கம்பனியின் கையில். பாடம் எங்களிடம், திறப்பு அவர்களிடம்.

ஐபோன் 2007இல் வந்த நாளிலிருந்தே ஃபிளாஷை உள்ளே விடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் அதை விளாசிப் பகிரங்கக் கடிதமே எழுதினார். (அவருடைய கடையிலும் பூட்டுகளுக்குக் குறைவில்லை, அது வேறு கதை.) 2011 நவம்பரில் போன்களுக்கு இனி ஃபிளாஷ் செய்யமாட்டோம் என்று அடோபியே கைகழுவியது. தேதிகளைப் பாருங்கள். எங்களுக்கு அந்தப் பெட்டி வந்தது 2013இல். அதைச் செய்து விற்றவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

2017 ஜூலையில் அடோபி நாள் குறித்தது, 2020 டிசெம்பர் 31ஓடு முடிவு என்று. அதற்கு முன்னாலேயே எங்களுக்கு அடி விழுந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளிடம் இருந்தது வாப்பாவின் அண்ட்ரொய்ட் போன் ஒன்று. அதுவும் வாப்பா கடலுக்குப் போய் வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அந்தப் போனுக்கு நாங்கள் எதை அனுப்புவது? இதயப் பாடமும் சந்திரப் பாடமும் அலுமாரிக்குள் இருக்க, கரும்பலகையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டோம். 2021 ஜனவரி 12இலிருந்து ஃபிளாஷ் பிளேயர் தானாகவே பாடங்களைத் தடுத்தது. இதயம் துடித்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஆரம்பப் பிரிவு டீச்சர் கணினி பழுது என்று நினைத்து மூன்று தரம் நிறுத்திப் போட்டார்.

எங்களுக்கு மட்டுமல்ல. அதே மாதம் தென்னாபிரிக்க வரித் திணைக்களம், தன்னுடைய ஃபிளாஷ் படிவங்களைத் திறப்பதற்கென்றே தனி மேலோடி ஒன்றை வெளியிட வேண்டி வந்தது. ஒரு அரசாங்கத்துக்கு அது ஏலும். மன்னாரில் ஒரு பாடசாலைக்கு ஏலுமா?

"அந்தக் காலத்தில் வேற வழி இருக்கல்லத்தானே" என்பார்கள். பாதி உண்மை. படம் கீறத் தெரிந்தவர் ஒரு வரி நிரல் எழுதாமல் அதை அசைய வைக்க ஃபிளாஷ் போல் இலேசான கருவி அப்போது இருக்கவில்லை. எங்களில் ஒருவரே அதில் படித்துத்தான் கணினிப் பாடத்துக்கு வந்தவர். ஆனால் எஸ்.வி.ஜி. என்ற திறந்த நியமத்தை உலகளாவிய வலை இணையம் 2001இலேயே வெளியிட்டுவிட்டது. ஹெச்.டி.எம்.எல். 5 முழு நியமமாக 2014இல் வந்தது. இவற்றுக்கு எதையும் செருகத் தேவையில்லை. எந்த மேலோடியும் ஓட்டும், எந்தப் போனும் ஓட்டும். யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. விதிகள் எல்லாருக்கும் முன்னால் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கம்பனி கடையைச் சாத்தினாலும் இன்னொருவர் அதே விதியைப் பார்த்து மேலோடி செய்யலாம்.

போன தவணை நாங்கள் பருவக்காற்றுப் பாடம் ஒன்றை எஸ்.வி.ஜி.யில் செய்தோம். இலங்கைப் படம், தென்மேற்கிலிருந்து அம்புக்குறிகள் நகர்ந்து வரும், அவ்வளவுதான். கோப்பு ஒரு வட்ஸ்அப் படத்தைவிடச் சிறிது. தரம் 9 பிள்ளை ஒன்று அதை நோட்பேடில் திறந்து பார்த்தது. உள்ளே 'தென்மேல் பருவக்காற்று' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டு 'சோளகம்' என்று அடித்துச் சேமித்தது. பக்கத்துப் பிள்ளை விடவில்லை, "எங்கட வாப்பா கச்சான் என்டுதான் சொல்லுவார்" என்றது. அரை மணித்தியாலம் சண்டை. பாடம் எங்கேயோ போய்விட்டது, நாங்கள் தடுக்கவில்லை. அந்த இறுவட்டில் ஒரு பிழையான எழுத்தைக்கூட எங்களால் ஏழு வருசமாகத் திருத்த முடியவில்லை.

அதைத் திருத்தவும் புதிய வடிவத்துக்கு மாற்றவும் மூலக்கோப்பு வேண்டும். மூலக்கோப்பு கையில் இருந்தால், ஃபிளாஷின் பெயரை மாற்றி 2016இல் வந்த அடோபி அனிமேட்டிலேயே ஹெச்.டி.எம்.எல். ஆக வெளியே எடுக்கலாம். தந்தவர்களிடம் கேட்டோம். தர ஏலாது என்றார்கள். பிறகு அந்தத் தொலைபேசி இலக்கமே வேலை செய்யவில்லை.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற செய்முறைப் பாடங்களும் முன்பு ஃபிளாஷிலும் ஜாவாவிலும்தான் இருந்தன. மூலம் அவர்களிடமே இருந்தது. ஒவ்வொன்றாக ஹெச்.டி.எம்.எல். 5இல் திரும்ப எழுதினார்கள். பல பாடங்கள் இன்று தமிழிலேயே இருக்கின்றன. ஒரு கோப்பாக இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். டேட்டா முடிந்த வீட்டிலும் பிள்ளை மின்சுற்று போட்டுப் பார்க்கலாம்.

இது கணினிக்காரரின் சண்டை, எங்களுக்கென்ன என்று நினைப்பவர்கள் பாமினியை நினைத்துப் பாருங்கள். யுனிகோடில் 1991இலிருந்தே தமிழுக்கு இடம் இருக்க, நாங்கள் வருசக்கணக்காக வினாத்தாள் முழுவதையும் பாமினியில் அடித்தோம். இன்று அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே போர்ட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காசு கொடுக்க முன்னர் எழுத்தில் வாங்குங்கள் என்கிறோம். அதில் செய்யும் பாடம் ஹெச்.டி.எம்.எல். ஆகவோ எஸ்.வி.ஜி. ஆகவோ வெளியே வர வேண்டும். ஆயத்தப் பாடங்கள் தந்தால் மூலக்கோப்பும் தர வேண்டும். ஏலாது என்றால் சாதாரண புரொஜெக்டர் ஒன்று வாங்கித் தாருங்கள். அதை வைத்தே நாங்கள் படிப்பிப்போம், மிச்சக் காசில் பிள்ளைகளுக்கு நாலு கணினி வாங்கலாம். விற்பனைக்காரர் கோபிப்பார், பரவாயில்லை. கூட்டத்தில் எங்களையும் கோபிப்பார்கள் சிலர், "தாறதையும் தடுக்குறானுகள்" என்று. சொல்லிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு உதவி. ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய மேலோடியில் ஓட்டிக்காட்ட ரஃபிள் என்று ஒரு திறந்த மென்பொருள் இருக்கிறது. 2020 நவம்பரிலிருந்து இன்டர்நெட் ஆர்கைவ் பழைய ஃபிளாஷ் ஆக்கங்களைக் காப்பாற்றுவது இதை வைத்துத்தான். பழைய வகைக் கோப்புகள் நன்றாக ஓடும், பிந்திய வகையில் சிலது பிசகும். எங்கள் பெட்டியில் எழுத்துப் பயிற்சி இறுவட்டு கீறல் விழுந்து போய்விட்டது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறைப் பக்கம் எந்தப் பாடசாலையிலாவது, எந்த வீட்டு அலுமாரியிலாவது அது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே வந்து பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.