சென்னாவா, ப்ராஸ்டா?

ஃபார்முலா ஒன் ஓட்டுநரை எடைபோட நம்பகமான தராசு அவருடைய அணியின் இன்னொரு ஓட்டுநர்தான். இருவருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின். ஆனாலும் மெக்லாரன் அணியில் 1988, 1989 ஆண்டுகளில் சேர்ந்து ஓட்டிய அயர்டன் சென்னா, அலென் ப்ராஸ்ட் இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், யாருடைய குணம் பிடிக்குமோ அவர் பெயரைத்தான் ரசிகர்கள் சொல்கிறார்கள்.

1988-ல் 16 பந்தயங்களில் 15ஐ மெக்லாரன் வென்றது: சென்னா எட்டு, ப்ராஸ்ட் ஏழு. மொத்தப் புள்ளிகளில் ப்ராஸ்ட் 105, சென்னா 94. சிறந்த 11 முடிவுகள் மட்டுமே சேரும் என்ற அன்றைய விதியால், 90க்கு 87 என்று சென்னா சாம்பியன் ஆனார். இருதரப்பும் தத்தமக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்ள இது போதும்.

அந்த ஆண்டு மொனாக்கோவைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் ப்ராஸ்டைவிட சென்னா சுமார் 1.4 வினாடி வேகம். பந்தயத்திலும் ஏறத்தாழ 50 வினாடி முன்னிலை. வேகத்தைக் குறைக்கச் சொன்னது அணி. குறைத்தார், கவனம் சிதறி, போர்ட்டியே வளைவில் தடுப்பில் மோதினார். அணியிடம் திரும்பாமல் அருகிலிருந்த தம் குடியிருப்புக்கு நடந்தே போய்விட்டார். கோப்பை ப்ராஸ்டுக்கு; ரசிகர் மனம் சென்னாவுக்கு. தவறியவரின் தவிப்பு நம்மை உருக்குகிறது. தவறாதவரின் நிதானத்தை நாம் கவனிப்பதுகூட இல்லை.

டயரையும் எரிபொருளையும் மிச்சம்பிடித்து, கடைசிக் கட்டத்தில் முந்துவது ப்ராஸ்டின் பாணி. 'பேராசிரியர்' என்று பெயர் வாங்கித் தந்த அந்த அறிவையே, ஈரமில்லாத கணக்கு என்று பழித்தவர்கள் உண்டு. 1989 சுசூகா பந்தயத்தில் இருவரின் கார்களும் மோதின. சென்னா தொடர்ந்து ஓட்டி முதலில் வந்தும் தகுதிநீக்கம் செய்யப்பட, பட்டம் ப்ராஸ்டுக்குப் போனது. ப்ராஸ்ட் வேண்டுமென்றே வழியை அடைத்தார் என்பது ஒரு கட்சி, இல்லாத இடத்தில் சென்னா நுழைந்தார் என்பது இன்னொன்று. மறு ஆண்டு அதே சுசூகாவில், முதல் வளைவிலேயே, ஃபெராரிக்குப் போய்விட்ட ப்ராஸ்டை சென்னா இடித்துத் தள்ளினார். வேண்டுமென்றே செய்ததாக 1991-ல் ஒப்புக்கொண்டார். அதையும் ரசிகர்கள் மன்னித்தார்கள். ப்ராஸ்ட் செய்திருந்தால் மன்னித்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

சென்னாவைப் பற்றிய ஆசிஃப் கபாடியாவின் 2010 ஆவணப்படமும், பந்தயத்தை நேரில் பார்த்திராத தலைமுறைக்கு ப்ராஸ்டை எதிர்நாயகனாகவே அறிமுகம் செய்துவைத்தது. நான்கு உலகப் பட்டங்களும் 51 வெற்றிகளும் பெற்றவருக்கு இது அநீதி.

சேர்ந்து ஓட்டிய இரண்டு ஆண்டுகளில் முதலிடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பை சென்னா 26 முறை பெற்றார், ப்ராஸ்ட் நான்கே முறை. ஒற்றைச் சுற்று வேகத்தில் சென்னாவுக்கு நிகரில்லை. ஓர் ஆண்டு முழுக்கப் பந்தயம் நடத்தும் கலையில் ப்ராஸ்ட் அவருக்கு ஒரு படியும் குறைந்தவரல்லர்.