பெட்டியின் மறுபாதி

தைப்பொங்கல் விடுமுறைக்கு எம் இல்லம் வந்த பெரியப்பா, பெட்டி அடுக்குவதிலேயே கருத்தூன்றியிருந்தார். இளைப்பாறிய தபாலதிபர் அல்லவா. கட்டுகளின்மேற் காதல் குறையவில்லை! சிறுவயதில் தந்தையாருடன் இராமேசுவரம் செல்லத் தலைமன்னாரிற் கப்பலேற நாட்குறித்திருந்தாராம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பயணமும் நின்றது. பின்னர்த் தந்தையாரும் மறைந்தார். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் பழைய ஆசை தளிர்த்தது.

பெட்டியில் இரண்டு கடவுச்சீட்டுகள் இருக்கக் கண்டோம்.

"நீங்கள் போய் வாருங்கோ, மாட்டை ஆர் பார்க்கிறது?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா பதிலுரையாது, தம் வேட்டிகளை ஒருபுறம் ஒதுக்கி மறுபுறத்தை வெறுமையாக விட்டார். மாட்டுப்பொங்கலன்று காலை அவ்விடத்திற் பெரியம்மாவின் நூற்சேலைகள் இரண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மாடு பார்க்கும் பொறுப்பு எமக்காயிற்று.