அமாவாசை உட்கார்ந்த நாற்காலி

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு டீக்கடை. கூட்டம் முடிஞ்சு வந்த தோழர்கள் ஆறேழு பேர், அதுல பாதி காலேஜ் பசங்க. பேச்சு எப்படியோ சினிமாவுக்குத் தாவி, மணிவண்ணன் எடுத்த ஐம்பது படத்துல எது உசத்தின்னு பட்டியல் போட ஆரம்பிச்சிட்டாங்க. ஒருத்தன் ‘நூறாவது நாள்’ என்றான். கொஞ்சம் விவரமான இன்னொருத்தன் ‘இனி ஒரு சுதந்திரம்’ என்றான். ‘தோழர் பாண்டியன்’ பேருக்காகவே ஒரு ஓட்டு வாங்கிச்சு. ஆனா முதலிடத்துக்குச் சண்டையே இல்ல. ‘அமைதிப்படை’. அதுல எந்தக் காட்சின்னு கேட்டதுக்கும் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் சொன்னாங்க. ஓட்டு எண்ணுற காட்சி.

பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். கோயில்ல உடைக்கிற தேங்காயைப் பொறுக்கித் தின்னு திரியுறவன் அமாவாசை. மணிமாறன்கிற அரசியல்வாதி, தன் சொல்லுக்கு ஆடுற பொம்மையா அவனைத் தேர்தல்ல நிறுத்துறார். சத்யராஜ்தான் அமாவாசை, மணிவண்ணனே மணிமாறன். ஓட்டு எண்ணும்போது அமாவாசை நாற்காலி நுனியில கையைக் கட்டிக்கிட்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கான். ஓட்டு ஏற ஏற உடம்பு பின்னால நகருது. முதுகு சாயுது. கடைசியில நாற்காலி முழுக்க அவனுது. தியேட்டர் பிச்சுக்கிட்டுப் போகும்.

1994-ல நானும் விசிலடிச்சவன்தான். பக்கத்துல எங்கப்பா. வாழ்க்கையில அவர் தியேட்டருக்கு வந்தது நாலைஞ்சு தடவை இருக்கும். படம் விட்டு வரும்போது கேட்டார்: “அவன் நல்லா சாஞ்சு உக்காந்ததுக்கு இவனுகளுக்கு என்னத்துக்குல இம்புட்டு சிரிப்பு?” நான் பதில் சொல்லல. படிச்ச திமிரு. ‘இவருக்கு நையாண்டி புரியல’ன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பா உப்பளத்துல வேலை பார்த்தவர். உப்புத் தண்ணியில நின்னு நின்னு உள்ளங்கால் பலகை மாதிரி ஆகிப்போச்சு. வெள்ளை உப்புல வெயில் பட்டுத் தெறிச்சுத் தெறிச்சுக் கண்ணு மங்கிப்போச்சு. சனிக்கிழமை சம்பளம் வாங்க அளத்து ஆபீசுக்குப் போனா, கணக்கப்பிள்ளை முன்னால கிடக்கிற பெஞ்சுல யாரும் உட்கார மாட்டாங்க. உட்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதி ஒட்டல. எழுதி ஒட்டணுமா என்ன? நாற்காலி நுனியில உட்கார்றதுன்னா என்னன்னு அவர் உடம்புக்குத் தெரியும். அதனாலதான் அவருக்குச் சிரிப்பு வரல. நையாண்டி புரியாம இருந்தது எனக்குத்தான்.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு: அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான். எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கோம்! அந்த அற்பன் யாரு? குடை யாருக்கு மறுக்கப்பட்டிருந்துச்சு? தென் திருவிதாங்கூர்ல 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நாடார்களே குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாதுன்னு தடை இருந்துச்சு. (இன்னைக்குக் கல்லாவுல இருந்துக்கிட்டு நம்மள ஏற இறங்கப் பார்க்கிற சில அண்ணாச்சிமாருக்கு இது மறந்துபோச்சு.) அதுக்கும் கீழ கிடந்தவன் கதையைக் கேட்கவே வேண்டாம். பகல்ல பிடிச்சா அடி விழும்னு இருந்தவன் ராத்திரியில குடை பிடிச்சுப் பார்த்திருந்தா, அதுல சிரிக்க என்ன இருக்கு? அமைதிப்படையோட முதல் பாதி இந்தப் பழமொழியைத்தான் ரெண்டு ரீலா, மூணு ரீலா இழுத்துப் போட்டிருக்கு.

உடனே தோழர்கள் பாய்வாங்க. ‘மணிவண்ணன் நம்ம ஆளு. பகுத்தறிவு பேசினவர், ஈழத்துக்குக் குரல் கொடுத்தவர். 1987-ல ஈழத்துக்குப் போன படையோட பேரையே படத்துக்கு வச்சுக் குத்தினவர். அமாவாசைக்குப் படத்துல எந்தச் சாதியும் சொல்லலையே!’ எல்லாம் சரி. 2013 ஜூன் 15-ல அவர் செத்தப்போ இரங்கல் கூட்டம் போட்டதுல நானும் ஒருத்தன். ஓட்டு அரசியலை இவ்வளவு பச்சையா, மரியாதையே இல்லாம கிழிச்சவன் தமிழ் சினிமாவுல அவருக்கு முன்னாலயும் பின்னாலயும் குறைவு. அமாவாசையை உண்டாக்கினவனே மணிமாறன்தான்னு காட்டினார். அந்த மணிமாறனையே பிறகு அமாவாசைக்கு எடுபிடியா நிறுத்தி, அந்த வேஷத்தையும் தானே போட்டுக்கிட்டார். இதுக்கெல்லாம் தைரியம் வேணும்.

ஆனா சாதி சொல்லலைங்கிறதுதான் விஷயமே. சொல்லத் தேவையில்ல. ‘அமாவாசை’ன்னு ஒரு பேரு, சட்டையில்லாத உடம்பு, கட்டின கை, பொறுக்கித் தின்னுற சோறு. இந்த அடையாளத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து விடை சொல்லப் பார்வையாளனுக்குத் தெரியும். பொதுப்புத்தி மிச்சத்தை எழுதிக்கும். அதிகாரத்தைக் கிண்டல் பண்ணப் புறப்பட்ட படம், அதிகாரமே இல்லாதவனோட உடம்பை வாடகைக்கு எடுத்துக்குது. மேல இருக்கிறவனைப் பார்த்துக் கீழ இருக்கிறவன் சிரிக்கிறது கலகம். கீழ இருந்தவன் மேல வந்துட்டான்னு எல்லாரும் சேர்ந்து சிரிச்சா அதுக்கு வேற பேரு.

படம் வந்த அதே 1994-லதான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்துச்சு. 1996-ல உள்ளாட்சித் தேர்தல். தனி ஊராட்சிகள்ல நம்ம ஆளுதான் தலைவர்னு சட்டம் சொல்லிச்சு. ஊர்ப் பெரியவங்க என்ன பண்ணினாங்க? அசல் மணிமாறன் வேலை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல தேர்தலையே நடக்க விடல. நடந்தப்போ தங்ககிட்ட கூலி வேலை செய்றவனை நிறுத்தி ஜெயிக்க வச்சு, பதவி ஏத்த கையோட ராஜினாமா எழுதி வாங்கினாங்க. 2006 வரைக்கும் பத்து வருசம் இந்தக் கூத்து. அந்த அமாவாசைகள் நாற்காலி நுனியில உட்கார்ந்தாங்க, எந்திரிச்சாங்க. சாயவே இல்ல.

மேலவளவு முருகேசன் எந்திரிக்கல. தலைவரா ஜெயிச்சும் ஊராட்சி அலுவலகத்துக்குள்ள கால் வைக்க விடாம அடைச்சிருந்தாங்க. 1997 ஜூன் 30, மதுரைக்குப் போய்ப் பஸ்ல ஊருக்குத் திரும்பும்போது மறிச்சு அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டினாங்க. முருகேசனோட தலையைத் துண்டிச்சுக் கிணத்துல வீசினாங்க. 2011 ஜூன்ல பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துல தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை, அருந்ததியப் பெண், வெட்டிச் சாய்ச்சாங்க. உயிர் பிழைச்சதே பெரிசு. 2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில தலைவர் தரையிலயும் மத்தவங்க நாற்காலியிலயும் இருக்கிற படம் பேப்பர்ல வந்துச்சு. சினிமாவுல சாஞ்சு உட்கார்ந்தவன் அரக்கன் ஆகிறான். ஊர்ல சாஞ்சு உட்கார்ந்தவன் பொணம் ஆகிறான். அரக்கன் கதை எல்லாருக்கும் மனப்பாடம். பொணத்தோட பேரைக் கேட்டா நம்ம விடுதிப் பசங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியல.

பேரைப் பத்திப் பேசியாகணும். அமாவாசை எம்.எல்.ஏ. ஆனதும் நாகராஜசோழன் ஆகிறான். அதுக்கும் ஒரு சிரிப்பு. தேங்கா பொறுக்கிக்குச் சோழன்னு பேரா! இந்தச் சிரிப்பு நம்ம மாவட்டத்துல எப்படி நடந்துச்சுன்னு யோசிங்க. கட்டபொம்மன் தளபதி சுந்தரலிங்கம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர். 1997-ல அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒண்ணுக்கு அவர் பேரை வச்சாங்க. அந்தப் பேரு எழுதின பஸ்ல ஏற மாட்டோம்னு கலவரம் பண்ணினாங்க. அரசாங்கம் என்ன செஞ்சுச்சு? எல்லாப் போக்குவரத்துக் கழகத்துப் பேரையும், எல்லா மாவட்டத்துப் பேரையும் துடைச்சிருச்சு. வ.உ.சி. மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு பள்ளன் பேரைத் தாங்க முடியாம வ.உ.சி. பேரையும் சேர்த்து இழந்தானுக.

அதுக்கு ரெண்டு வருசம் முன்னால, 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிச்சுக் கொஞ்சம் தலையெடுத்த ஊர். போலீஸ் படை நுழைஞ்சு எதை எதை உடைச்சுச்சு? டி.வி.பெட்டி, மின்விசிறி, தையல் மிஷின். எதை எரிச்சுச்சு? துணிமணி, பாஸ்போர்ட், படிச்ச பசங்க சான்றிதழ். குடிக்கிற கிணத்துல விஷத்தைக் கலந்துச்சு. அற்பனுக்கு வாழ்வு வந்துருச்சாம். குடையை ஒடிக்க வந்தாங்க.

முத்துக்குளிப்பு நடந்த கரை இது. 1961-ஓட அது நின்னுபோச்சு. மூச்சைப் பிடிச்சுக் கடலடிக்குப் போனவன் பேரு எந்த ஏட்டுலயும் இல்ல. அவன் எடுத்து வந்த சிப்பியைக் கரையில குவிச்சு ஏலம் போட்டவனுக்கு மட்டும் வரலாறு இருக்கு. நாற்காலி எந்தப் பக்கம் கிடந்துச்சோ அந்தப் பக்கம்தான் பேரும்.

இன்னொண்ணையும் நமக்குள்ள பேசணும். அமாவாசை ஒரு பொண்ணுக்கு அல்வா கொடுத்து ஏமாத்துற காட்சி. ‘அல்வா கொடுக்கிறது’ங்கிற பேச்சு இவ்வளவு பரவினதே அந்தப் படத்தாலதான். திருநெல்வேலிக்காரன் பெருமையா விக்கிற பண்டம் ஒரு பொண்ணு ஏமாந்ததுக்கு அடையாளமாப் போச்சு. டீக்கடையில அந்தக் காட்சியை நடிச்சுக் காட்டினது நம்ம தோழர்தான், வேற யாரும் இல்ல. கூட இருந்த மாணவி ஒருத்தி டம்ளரை வச்சிட்டு எந்திரிச்சுப் போனா. யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன், ஆனா வாயைத் திறக்கல.

சரி, வேற மாதிரி எடுக்க முடியுமா? எடுத்திருக்கான். நம்ம மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர் மாரி செல்வராஜ் 2023-ல எடுத்த ‘மாமன்னன்’. தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஒருத்தர், கட்சிக்குள்ள இருக்கிற ஆதிக்கச் சாதிக்காரன் முன்னால நின்னுக்கிட்டேதான் பேசுவார். மகன்தான் அவரை உட்காரச் சொல்றான். அதே நாற்காலி. பேரும் அதே மாதிரி ராஜா பேரு. நடிச்சவரோ தமிழ்நாட்டையே சிரிக்க வச்ச வடிவேலு. 1992-ல ‘தேவர் மகன்’ல கையை இழந்துட்டு நின்ன இசக்கி. அந்த வடிவேலு உட்கார்ந்தப்போ தியேட்டர்ல ஒருத்தன் சிரிக்கல. எங்கப்பா உயிரோட இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். அந்தப் படத்துலயும் எனக்குக் குறை உண்டு, அதை இன்னொரு இதழ்ல எழுதுறேன்.

காலைப் பிடிச்சு மேல வந்து காலை வாரினவனை அமாவாசைன்னு சொல்றாங்க. கோட்டையில இருக்கிறவனைச் சொல்லுங்க, நானும் சேர்ந்து சொல்றேன். ஆனா ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு ஊர்ல, பேரு வேண்டாம், தனி ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச நம்ம அண்ணன் ஒருத்தரு தெருவுல நடந்து வந்தா, திண்ணையில இருந்து அதே பேரு கேட்குது: “வாராம்ல அமாவாசை.” அவர் யாரையும் ஏமாத்தல. குடிதண்ணிக் குழாயைக் காலனி வரைக்கும் இழுத்தார், அவ்வளவுதான். வழக்குப் போடலாம்னா, அது சினிமாப் பேருதானேங்கிறாங்க. சாதிப் பேரைச் சொன்னா வன்கொடுமைச் சட்டம் பாயும். அமாவாசைன்னு சொன்னா எது பாயும்? மணிவண்ணன் இதுக்காக அந்தப் பேரைத் தரல. ஆனா அவனுக கையில அது இதுக்குத்தான் பயன்படுது.

அடுத்த மாசம் விடுதியில ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போடலாம்னு இருக்கோம். நாற்காலிக் காட்சி வரும்போது ரெண்டு தடவையும் நிறுத்துவோம். முதல்ல உப்பளத்துல இருந்து வர்ற பெரியவங்க பேசட்டும், பெண்கள் பேசட்டும். அதுக்கப்புறம் நாம. அந்த அண்ணனையும் கூப்பிட்டிருக்கோம். இந்தக் கட்டுரைக்கு மறுப்பு இருக்கிற மணிவண்ணன் ரசிகத் தோழர்கள் எழுதுங்க. திட்டியே எழுதுங்க, வெட்டாம போடுறோம்.