சிலிண்டர் யாருடையது?



கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் இறக்கி, தம்பியின் உதவியுடன் கேற், யன்னல் கிறில், கோழிக்கூடு எல்லாம் செய்து கொடுக்கிறார். "மிக் வெல்டிங் மெசின் வாங்கக் கடன் சரிவந்துவிட்டது. காஸ் சிலிண்டர் தருவதாக மூன்று பேர் வந்து கதைத்தார்கள். ஒருவரைவிட ஒருவர் விலையைக் குறைத்துச் சொல்கிறார்கள். யாரிடம் எடுப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, யாரிடம் எடுப்பது என்று பார்க்க முதல், காஸ் வேணுமா என்று பாருங்கள். கேற்றும் கிறிலும் இப்போது வைத்திருக்கும் றொட் வெல்டிங்கிலேயே நடக்கும், அதற்குக் காஸ் தேவையில்லை. மிக் மெசினிலும் காஸ் இல்லாமல் வேலை செய்யும் ஒரு வகைக் கம்பிச் சுருள் உண்டு. உங்கள் மெசின் அதை ஏற்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்னொன்று, உங்களுடையது நாலு பக்கமும் திறந்த கொட்டில். சோளகக் காற்று வீசினால் காஸை அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டு முழுக்கப் பொள்ளல் விழும். காசும் காற்றோடு போகும். மெல்லிய தகடு, எவர்சில்வர் வேலைகள் தொடர்ந்து வருகிறது என்றால் மட்டும் காஸுக்குப் போங்கள்.

அப்படிப் போவதென்றால், காஸின் விலையைக் கேட்க முன்னம் சிலிண்டர் யாருடையது என்று கேளுங்கள். பல இடங்களில் சிலிண்டர் கொம்பனியின் சொத்து. நாங்கள் வைப்புப் பணம் கட்டி, சில இடங்களில் மாத வாடகையும் கொடுத்து, வைத்திருக்கிறோம். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் வாடகை ஓடும். கிழமைக் கிழமை கடன் கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. சொந்தமாக வாங்கினால் வாடகை இல்லை. ஆனால் நிரப்பித் தருவது யார்? தங்கள் சிலிண்டரைத் தவிர வேறு எதையும் நிரப்பாத இடங்கள் உண்டு. கொம்பனிப் பெயர் பொறித்த பழைய சிலிண்டரை மலிவென்று யாரிடமும் வாங்கிவிடாதீர்கள். நிரப்பக் கொண்டுபோன இடத்தில் "இது எங்களுடையது" என்று சொன்னால் உங்கள் கையில் என்ன இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒருவர் வைப்புப் பணத்தைத் துண்டில்லாமல் இடைத்தரகர் ஒருவரிடம் கொடுத்தார். தெரிந்த பெடியன் தானே என்ற நம்பிக்கை. கடை பூட்டினது, காசும் போனது. சிலிண்டரின் இலக்கம், கட்டிய தொகை, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற மூன்றும் பற்றுச்சீட்டில் எழுத்தில் இருக்கவேணும்.

அளவிலும் ஏமாறக்கூடாது. 10 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் ஆகன் 150 பார் அமுக்கத்தில் நிரப்பினால், வெளியே வரும்போது ஏறத்தாழ 1,500 லீற்றர் காஸ். நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் விட்டால் இரண்டரை மணித்தியால ஒட்டு. அதையே 120 பாரில் நிரப்பித் தந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலிவாகச் சொன்னவரின் மலிவு சிலவேளை இங்கேதான் இருக்கும். ரெகுலேற்றரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். நிரப்பின சூட்டில் கொஞ்சம் கூடக் காட்டும், ஆறினால் சற்று இறங்கும், அது பிழை இல்லை. தனிக் காபனீரொட்சைட்டு மட்டும் வேறு. உள்ளே திரவமாக இருப்பதால் அது முடியும் வரை முள் பெரிதாக அசையாது. ஆகவே தராசில் நிறுத்துத்தான் வாங்கவேணும். வெறும் சிலிண்டரின் நிறை தோள்ப்பகுதியில் பொறித்திருக்கும். அதைக் கழித்துப் பாருங்கள்.

அதே தோளில் சோதனை செய்த திகதியும் இருக்கும். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடத்துக்கு ஒரு முறை சோதிக்கவேணும். திகதி தாண்டியதை, வால்வு மூடி இல்லாததை, அடிப்பாகம் துருப்பிடித்ததை எடுக்காதீர்கள். நிறத்தை நம்பாமல் எழுத்தை வாசியுங்கள்.

2021இன் கடைசி மாதங்களில் சமையல் காஸ் வெடித்த செய்திகளுக்குப் பிறகு சிலிண்டர் என்றாலே எங்களில் பலருக்குப் பயம். வெடிச் சத்தம் கேட்டு வாழ்ந்தவர்களுக்குக் கேட்கவும் வேணுமா? ஆகனும் காபனீரொட்சைட்டும் எரியாது. ஆனால் காற்றைவிடப் பாரமானவை, கசிந்தால் பூட்டிய அறையில் மூச்சடைக்கும். படுக்கும் அறையில் வைக்கவே கூடாது. விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டர் பாய்ந்து போகும். பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு என்பதால் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

இரும்பு வெட்டுவதற்கு ஒட்சிசனும் அசற்றலீனும் எடுக்கும் சகோதரிகள் கூடுதல் கவனமாக இருக்கவேணும். அசற்றலீனைப் படுக்கவைத்து ஏற்றிவருகிற ஆளிடம் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் அசற்றோன் காஸோடு வெளியே வரும். அப்படி வந்துவிட்டால் பல மணித்தியாலம் நிமிர்த்தி வைத்த பிறகே திறக்கவேணும். ஒட்சிசன் வால்வில் எண்ணெய், கிறீஸ் ஒரு துளியும் படக்கூடாது, தீப்பிடிக்கும். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். இதை ஆண்களுக்கு எழுதும் புத்தகங்களில் யாரும் சொல்வதில்லை!

தூரத்தையும் கணக்கில் சேருங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ நிரப்புவதென்றால் வாகனக் கூலி எவ்வளவு, அவர்களுடைய லொறி உங்கள் பக்கம் எத்தனை நாளுக்கொரு முறை வரும் என்று கேளுங்கள். வெறும் சிலிண்டரோடு ஒரு கிழமை காத்திருந்தால் ஒத்துக்கொண்ட கேற் பிந்தும்.

தங்கச்சி, அந்த மூன்று பேரிடமும் இவற்றைக் கேட்டு, சொன்ன பதிலைக் கொப்பியில் எழுதிவையுங்கள். கடிதத்தில் எனக்கும் அனுப்புங்கள். கடன் காசில் கைவைக்க முன்னம் சேர்ந்து பார்ப்போம்.