ஒரு விசைப்பலகை, பல கணினி – திறவுகோல் யார் கையில்?

ஒருவர் மேசைமீது இரண்டு மூன்று கணினிகள் அமர்ந்திருப்பது இற்றை நாளில் புதுமையன்று. அலுவலகம் தந்த மடிக்கணினி ஒன்று. சொந்தப் பணிக்கு ஒன்று. லைனக்சு இயங்கும் பழையது ஒன்று. மூன்றுக்கும் மூன்று விசைப்பலகை, மூன்று சுட்டி எனில் மேசையில் கை வைக்கவும் இடம் இராது. இத்தொல்லையை நீக்க முதலில் வந்தது மாற்றுப்பெட்டி. கம்பிகளையெல்லாம் அதில் செருகிப் பொத்தானை அழுத்திக் கணினிக்குக் கணினி மாறினர். பெட்டியும் வேண்டா, மென்பொருளே போதும் என்னும் வழி பின்னர் வந்தது.

அதன் இயக்கம் எளியது. விசைப்பலகையும் சுட்டியும் பூட்டிய கணினி வழங்கி, ஏனையவை வாங்கிகள். எத்திரைக்கு எப்பக்கம் எத்திரை உள்ளது என்பதை முன்னரே குறித்து வைப்பர். சுட்டுக்குறி திரையின் விளிம்பைத் தொட்டவுடன், வழங்கி அதைத் தன் திரையில் மறைத்துவிடும். அதன்பின் நிகழும் ஒவ்வோர் அசைவையும் ஒவ்வொரு விசையழுத்தத்தையும் செய்தியாக்கிப் பிணையத்தின் வழியே அடுத்த கணினிக்கு விடுக்கும். அக்கணினியோ, தன்னிடமே விசை அழுத்தப்பட்டதுபோல் இயங்கும். ஒன்றில் படியெடுத்த வரியை மற்றொன்றில் ஒட்டவும் இயலும்.

நலம் பெரிது, ஐயமில்லை. ஆனால் அந்நலத்தின் உள்ளேயே ஓர் இடரும் உறைகின்றது. இம்மென்பொருள் காணாத விசையழுத்தம் ஒன்றேனும் உண்டா? கடவுச்சொல், வைப்பகக் கணக்கெண், உற்றார்க்கு எழுதும் மடல், அழித்துவிட்ட வரி ஆகிய அனைத்தும் அதன் கைவழியே செல்கின்றன. வீட்டுச் சாவியை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் அவன் யார் எனக் கேட்பது உலக வழக்கு. அக்கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. விடையைச் சரிபார்க்கும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமை மூலநிரல் திறந்திருந்தால் மட்டுமே கிட்டும்.

இம்மென்பொருளின் வரலாறே இதற்குச் சான்று. 2001-இல் கிறிசு சோனெமன் என்பார் சினெர்சி என்னும் மென்பொருளை ஆக்கிக் க்னூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். எவரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். வழங்குங்கால் அதே உரிமையையும் சேர்த்தே வழங்கல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்நாடி. 2006-க்குப் பின் பணி தேங்கியது. 2009-இல் வேறொருவர் அந்நிரலை எடுத்து வளர்த்தார். உரிமம் இடந்தராதிருந்தால் அம்மென்பொருள் அன்றே மாண்டிருக்கும்.

தொடக்கத்தில் சினெர்சியினுள் மறைகுறியாக்கம் இல்லை. விசையழுத்தங்கள் பிணையத்தில் திறந்த மடலாகவே சென்றன. பாதுகாப்பு வேண்டுவோர் வேறொரு காப்புத்தடத்தின் வழி அனுப்புமாறு ஆக்கியோரே அறிவுறுத்தினர். பின்னர் மறைகுறியாக்கம் வந்தது. ஆயின் கூடுதல் விலை கொடுத்தார்க்கே அது கிட்டியது. 2018-இல் அதே மூலநிரலினின்று பேரியர் என்னும் கிளை எழுந்தது. மறைகுறியாக்கத்தை அது விலையின்றி அனைவர்க்கும் வழங்கியது. பேரியரும் தேங்கியபோது, அதைப் பேணியவர்களே 2021-இல் இன்புட் லீப் எனப் பிரிந்து பணியைத் தொடர்ந்தனர். 2024-இல் சினெர்சியின் திறந்த பகுதியே டெசுக்புளோ எனப் பெயர் பெற்றது. ஒரு வேர் வாடினும் மரம் பட்டுப்போகவில்லை.

பெருநிறுவனங்களின் போக்கையும் காண்க. மைக்ரோசாப்டு 2011-இல் வெளியிட்ட இத்தகைய மென்பொருள் விலையின்றியே கிடைத்தது. ஆயினும் மூலநிரல் மூடியிருந்தது. 2023-இல்தான் அது திறந்த நிரலாயிற்று. விலையின்மை வேறு, விடுதலை வேறு என்பதற்கு அப்பன்னீராண்டு இடைவெளியே சான்று. ஆப்பிள் நிறுவனம் 2022-இல் தந்த ஏற்பாடோ அதன் சொந்தக் கருவிகளுக்கு மட்டுமே உரியது. மேசையில் லைனக்சுக் கணினி ஒன்று இருந்தால் அது வாசலுக்கு வெளியேதான் நிற்கும்.

“நிரலை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?” என ஏளனம் செய்வார் உளர். கிணற்று நீரை ஊரார் அனைவரும் ஆய்ந்து பார்ப்பதில்லை. ஆய வல்லாரைத் தடுக்காதிருப்பதே ஊர்க்குக் காப்பு. திறந்த நிரலிலும் பிழை உண்டு. அதைப் பேணும் கைகளோ சில. பயன்கொள்வோர் பலராகவும் பணி செய்வோர் சிலராகவும் இருப்பதாலேயே பேரியர் போன்றவை தேங்குகின்றன. இக்குறைக்கு மருந்து நிரலை மூடுவதன்று, கைகளைப் பெருக்குவதே. பிழை கண்டோர் அறிவிக்கலாம். எழுத வல்லோர் விளக்கவுரை எழுதலாம். இயன்றோர் பொருளுதவி செய்யலாம்.

பயன்கொள்வோர்க்கும் கடமையுண்டு. மறைகுறியாக்கத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. முதல் இணைப்பின்போது காட்டப்படும் கைரேகைக் குறியீட்டை வழங்கியில் உள்ளதோடு ஒப்பிட்டபின்னரே ஏற்றல் வேண்டும். பொதுவிடத்துப் பிணையத்தில் இதனை இயக்கல் தவிர்க்கத்தக்கது.

கை தன்னுடையது, கணினி தன்னுடையது. இரண்டுக்கும் இடையே நின்று ஒவ்வோர் எழுத்தையும் சுமந்து செல்லும் தூதன் மட்டும் முகமூடி அணிந்தவனாக இருக்கலாமா? மூலநிரலைத் திறந்து காட்டாத தூதனிடம் மாந்தன் தன் மறைமொழிகளை ஒப்படைத்தல் அறிவுடைமை ஆகாது.