வாடகையும் முற்பணமும்

தோட்டத்து மக்கள் நன்கறிந்த முற்பணம் தீபாவளி முற்பணமே. தோட்ட நிருவாகம் முதலில் கொடுக்கும்; பின்னர்ச் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளும். வாடகை முற்பணமோ தலைகீழானது. குடிபுகுமுன் நாமே கொடுத்தாக வேண்டும்.

2025 நவம்பரில் வீசிய திட்வா புயலின்போது, மண்சரிவால் பதுளை மாவட்டத்தில் வீடிழந்தோர் பலர். அவர்களுக்கு மாதாந்த வாடகைப் பணம் வழங்க அரசாங்கம் முன்வந்தது, நன்று. ஆனால், பண்டாரவளையில் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை ஒருங்கே கேட்டால், லயக் காம்பிராவுக்கு வாடகையே கொடுத்தறியாத கொழுந்து பறிக்கும் பெண் எங்கே போவாள்? காதுத் தோட்டை அடகு வைப்பாள். மாதந்தோறும் வரும் உதவியில் ஒரு பங்கு வட்டிக்குப் போகும். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் பெறலாகாது என 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் விதித்ததுண்டு. சட்டத்தைப் படித்துவிட்டா வீடு தேடுகிறோம்?

2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதைந்தன. உயிர் தப்பியோர் பலர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒண்டியிருந்தனர். பூனாகலையில் கட்டிய 75 வீடுகள் 2016இலேதான் கைக்கு வந்தன. ஆகவே, 'சில மாதங்கள்தாமே' என்ற பேச்சை நம்புவதற்கில்லை.

தீபாவளிக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்தாலென்ன? முதல் மூன்று மாத உதவியைக் குடிபுகுமுன்னரே ஒருசேர வீட்டுக்காரரிடம் செலுத்தி, பற்றுச்சீட்டை அப்பெண்ணின் கையில் கொடுத்துவிடலாம்.