குருவிக்கும் ஒரு வீடு வேண்டாமா?



2018ல் '2.0' படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் செல்போன் டவரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும். சிட்டுக்குருவி குடியிருக்க நம்ம வீட்டில் இடமே இல்லாமல் போனதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்க மாட்டேங்கிறாங்க? ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தது. சாய்த்து மாட்டிய சாமி படத்துக்குப் பின்னால் இடம் இருந்தது. குருவிக்கு வேண்டியது இந்தப் பொந்தும் இடுக்கும்தான். நம் சிவில் நண்பர்கள் போடும் ஆர்.சி.சி. கட்டடத்தில் எறும்பு நுழையவும் வழியில்லை. (அதற்குத்தான் மார்க்கும் போடுகிறார்கள்!)

2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். அன்றைக்குப் பெட்டி கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பளபளவென்று பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். இறகு முளைக்காத குஞ்சு என்ன ஆகும்? வாசலில் அழகுக்கு ஒரு குச்சி வேறு! குருவிக்கு அது தேவையே இல்லை. காக்கா உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கத்தான் வசதி.

இது டிராயிங் தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை. பலகை 15 மி.மீ. கனம் இருந்தால் சூடு இறங்காது. துளை 32 மி.மீ. விட்டம். அரை அங்குலம் கூடிப்போனால் மைனா குடும்பத்தோடு குடியேறிவிடும். துளை, அடிப்பலகையிலிருந்து 12 செ.மீ.க்கு மேலே இருக்கணும், குஞ்சு தவறி வெளியே விழாது. கூரை முன்பக்கம் சரிவாக, சுத்தம் செய்யத் திறக்கிற மாதிரி. அடியில் நாலு சின்ன ஓட்டை. நேர் வெயில் படாத சுவரில் பத்தடி உயரத்தில் மாட்டலாம். சீலிங் ஃபேன் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் வருஷம் கார்பென்ட்டரி ஷாப்பில் ஆளுக்கொரு லேப் ஜாயின்ட், டவ்டெயில் ஜாயின்ட் செய்கிறோம். மார்க் போட்டதும் அது மூலையில் குவிந்து கரையானுக்குப் போகிறது. கடைசி ஜாபாக ஒரு கூண்டு செய்யச் சொன்னால் என்ன? சிலபஸில் இல்லை என்பார்கள். கிரிக்கெட் ஸ்டம்ப் எந்த சிலபஸில் இருந்தது?

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு சேதி. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு கருஞ்சிட்டு முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், ஊரே விளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. நம்மிடம் கேட்பது நாலு பலகை!

பெட்டி மட்டும் போதாது. தாய்க்குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கோ புழு பூச்சி வேண்டும். ஆகவே கேன்டீன் பின்னால் இருக்கும் புதரை யாரும் வெட்டாமல் இருந்தால் புண்ணியம்.

பேரவை ஆணியும் பலகையும் வாங்கித் தரட்டும். ஹாஸ்டல் வராந்தாவில் பத்துப் பெட்டி மாட்டுவோம். குருவி வர ஒரு வருஷம்கூட ஆகலாம். அதற்குள் நாங்கள் டிப்ளமோ முடித்துப் போயிருப்போம். ஜூனியர்களே, வந்ததா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.